கல்விக்கு உணவிட்ட காமராசர்

பசித்த வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு எழுத்தறிவித்தல், நீரில்லா நிலத்தில் விதை தூவுவதனை ஒக்கும். இவ்வுண்மையை நூல்வழி அறிந்தோர் பலர். வாழ்க்கைவழி அறிந்து, நாடாளும் பொறுப்புக் கைவந்தபோது அதனை மறவாதிருந்தோர் சிலரே. அச்சிலருள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் கு. காமராசர்.

1903 ஆம் ஆண்டு யூலை 15 ஆம் நாள், பின்னாளில் விருதுநகர் எனப் பெயர்பெற்ற விருதுபட்டியிலே, குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். குடும்பம் நலிவுற்றமையால், பன்னிரண்டு வயதளவில் பள்ளியை நீங்கித் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கமர்ந்தார். 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற் பங்குகொண்டு சிறை புகுந்தார். விடுதலைப் போரில் அவர் சிறையிற் கழித்த காலம் ஏறத்தாழ 9 ஆண்டுகள். பள்ளியில் விட்ட கல்வியை அச்சிறைகளிலே நூல் பயின்று தேடிக்கொண்டார்.

1954 ஏப்பிரல் 13 ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானார். முன்னையோர் வகுத்த அரைநாட் கல்வித் திட்டத்தை அவ்வாண்டிலேயே கைவிட்டார். ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. எனினும், பள்ளியைக் கட்டிவிட்டால் மட்டும் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? ஏழை வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தேனும் தன் கஞ்சிக்கு வழி தேட வேண்டியிருந்தது. இதனை உணர்ந்த காமராசர், பள்ளியிலேயே பகலுணவு வழங்கத் துணிந்தார். நிதி போதாதெனத் தயங்கியோர் இருந்தனர். அவர் தளர்ந்திலர். 1956 இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலே திட்டம் தொடங்கப்பெற்றது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதனை ஊர்தோறும் பரப்ப அரும்பாடுபட்டார். அரசு பொருள் தந்தது. ஊராரும் தத்தம் பங்கைத் தந்தனர். அதனால் அஃது ஊரின் கடமையாயிற்று.

இம்முயற்சிக்கு முன்னோடி இல்லாமலில்லை. 1920 இல் பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் உணவு வழங்கிற்று. ஆயின், நகரத்து முயற்சியை நாட்டுப்புறம் எங்கும் கொண்டு சென்றவர் காமராசரே. 1982 இல் ம. கோ. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார்.

1963 ஒக்டோபர் 2 ஆம் நாள், கட்சிப் பணிக்கெனத் தாமே பதவியைத் துறந்தார். 1975 இல் அதே நாளிலே மறைந்தார். மணவாழ்வு கொள்ளாத அவர் தமக்கெனப் பொருள் தேடவில்லை. 1976 இல் இந்திய அரசு பாரத ரத்தினா விருதளித்து அவரைப் போற்றிற்று.

அன்பர்களே, இவ்வரலாறு வன்னிவாழ் நமக்கு யாது உணர்த்துகின்றது? 2009 இல் முடிவுற்ற போரினால் இடம்பெயர்ந்து, முகாம்களில் வரிசையில் நின்று உணவு பெற்ற சிறார்கள் இன்று பெற்றோராகியுள்ளனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அவர்தம் அடுப்புகளை மீண்டும் வாட்டியது. காலையுணவின்றி வரும் பிள்ளை பிரார்த்தனை வேளையில் சோர்ந்து விழுவதை ஆசிரியர் அறிவர். சோறு மட்டும் வயிற்றை நிரப்பும். குருதியை வளர்க்கக் கீரையும் பருப்பும் முட்டையும் வேண்டும். இரணைமடுவும் முத்தையன்கட்டும் நீர் தரும் இம்மண்ணில், பாடசாலை வளவிலே முருங்கையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் பயிரிடுதல் அரிதன்று. கிணற்றடியில் வீணாகும் நீரே சில பாத்திகளுக்குப் போதும். தோட்டம் செய்யும் பிள்ளை உண்ணவும் கற்கும், உழைக்கவும் கற்கும்.

காமராசர் காலத்து ஊரார் செய்ததனைப் பழைய மாணவராகிய நாமும் செய்யலாம். விழா மண்டபத்துக்கு ஈயும் கையால் ஒரு வேலியும், சில விதைகளும், ஒரு நாட் கஞ்சிச் செலவும் ஈதல் ஒவ்வொருவர்க்கும் இயலும். நமக்குக் கல்வியளித்த கூடத்திலே இன்று பயிலும் பிள்ளை பசியோடு வீடு திரும்பாதிருக்க வகைசெய்தலே இவ்விழாவுக்குப் பொருந்திய நன்றிக்கடனாகும்.