பகலிலேயே அந்தியை உருவாக்கியவர்: கடலைப் படம்பிடித்த குஸ்தாவ் லு கிரேயின் கதை

சாயங்காலம் பீச்சுக்குப் போனால் ஆளாளுக்குப் போனைத் தூக்கிச் சூரியனை நோக்கிப் பிடிப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் பழைய போன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லை ஞாபகம் இருக்கும். வானம் அழகாக வந்தால் கடலும் மணலும் கரி பூசின மாதிரி கறுத்துவிடும். கடல் தெளிவாக வந்தால் வானம் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைப் பேப்பராக நிற்கும்.

இப்போதைய போன்களில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. காரணம், ஹெச்டிஆர். நாம் ஒரு தடவைதான் திரையைத் தொடுகிறோம். போன், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படங்களை மளமளவென்று எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது.

இதே வேலையை 1850-களில் ஒருவர் கையாலேயே செய்தார், அதுவும் கண்ணாடித் தகடுகளை வைத்து. அவர் பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லு கிரே. அந்தக் கடல் படங்கள் அவரை ஐரோப்பா முழுக்கப் பேச வைத்தன. சில வருடங்களிலேயே அவர் தொழில் நொடித்துப்போய் பாரிஸை விட்டுக் கிளம்பினார். அப்புறம் அங்கே வாழத் திரும்பவே இல்லை.

தூரிகையிலிருந்து கேமராவுக்கு

லு கிரே பிறந்தது 1820 ஆகஸ்ட் 30. பாரிஸுக்கு வடக்கே இருக்கும் வில்லியே-லெ-பெல் என்ற ஊர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பத்திரம் எழுதும் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கௌரவமாகப் பிழைக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். பையனுக்கோ ஓவியத்தின் மேல்தான் ஆசை. அன்றைக்குப் பெயர்பெற்ற ஓவியரான பால் தெலரோஷிடம் பயின்றார். 1840-களில் இத்தாலிக்குப் போய் ரோமில் சில வருடம் தங்கினார். அங்கேயே திருமணமும் நடந்தது.

ஓவியத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பாரிஸ் திரும்பியவர் கையில் எடுத்தது கேமரா. 1839-ல்தான் புகைப்படம் என்ற ஒன்றே உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே எட்டுப் பத்து வருடம் மட்டுமே ஆன தொழில் அது. யார் வேண்டுமானாலும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை.

அவர் கண்டுபிடிக்கவும் செய்தார். அப்போது காகித நெகட்டிவ் புழக்கத்தில் இருந்தது. காகிதத்தின் நார் படத்தில் தெரியும், படம் மங்கும். ரசாயனம் பூசுவதற்கு முன்பே காகிதத்தில் மெழுகை ஏற்றிவிட்டால்? நார் மறைந்து காகிதம் கண்ணாடி மாதிரி ஒளியை விடும். அதோடு, தாளைப் பல நாள் முன்னதாகவே தயார் செய்து கையோடு எடுத்துப் போகலாம். வெளியூருக்குப் போய்ப் படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. 1851-ல் பிரெஞ்சு அரசு நாட்டின் பழைய கட்டடங்களைப் படமெடுக்க 5 பேரைத் தேர்ந்தெடுத்தபோது லு கிரே அதில் ஒருவர். (அரசு அந்தப் படங்களை வெளியிடாமல் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டது. அரசாங்க வேலை எந்த ஊரிலும் அப்படித்தான் போல.)

பாரிஸின் கிளிஷி பகுதியில் இருந்த அவருடைய பட்டறைக்குப் பலரும் வந்து கற்றுக்கொண்டார்கள். எழுத்தாளர் ஃப்ளோபேருடன் 1849-ல் எகிப்துக்குப் போய்ப் படமெடுத்த மாக்சிம் து காம்ப் அவரிடம் பயின்றவர்தான். தனக்குத் தெரிந்ததை லு கிரே ஒளித்து வைக்கவில்லை. செய்முறைகளைப் புத்தகமாகவே போட்டார்.

வானம் ஏன் வெளுத்துப்போனது?

இப்போது கடலுக்கு வருவோம். அதற்கு முன்னால் அந்தக் காலத்து ரசாயனத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாவிட்டால் லு கிரே செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியாது.

1850-களில் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் தகடு பிடித்தது. கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். சில நிமிடங்கள்தான் அவகாசம். அதனால் படமெடுக்கும் இடத்திலேயே ஓர் இருட்டுக் கூடாரம் வேண்டும். கடற்கரைக் காற்றில், மணல் பறக்க, கண்ணாடியை வைத்துக்கொண்டு இந்த வேலை! லு கிரேயின் கடல் படங்கள் சுமார் 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவு. அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் பழக்கம் இல்லை. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நிறத்தில் இருந்தது. அந்தத் தகடுக்கு நீல நிறம் மிக நன்றாகத் தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. வானம் நீலம் என்பதால், கீழே இருக்கும் நிலமும் கடலும் பதிவாவதற்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெள்ளையாகிவிடும். மேகம் இருந்த சுவடே இருக்காது. அந்தக் காலத்து நிலக்காட்சிப் படங்களில் வானம் வெறுமையாக இருப்பது அதனால்தான். சிலர் தூரிகையால் நெகட்டிவில் மேகம் வரைந்து சமாளித்தார்கள்.

சூரியன் மறையும்போது இதற்கு நேர் எதிரான கஷ்டம். அப்போது வரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு சிவப்பு. அதாவது நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த நேரம், தகடுக்கு ஏறக்குறைய இருட்டு.

இரண்டு நெகட்டிவ், ஒரே தாள்

1856 முதல் 1858 வரை லு கிரே முதலில் நார்மண்டிக் கரையிலும், பிறகு மத்தியதரைக் கடலோரத்து செத் துறைமுகத்திலும் கேமராவை வைத்தார். அவர் கண்ட வழி எளிமையானது. கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு இன்னொரு தகடு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவு. அச்சிடும்போது ஒரே தாளில் முதலில் ஒன்று, மறுபாதியை மறைத்துவிட்டு அடுத்தது. ஒட்டு எங்கே விழும்? தொடுவானத்தில். அங்கே இயற்கையே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறதே!

கேட்க சுலபம்தான். ஆனால் தண்ணீரில் மினுங்கும் ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியனும் அதே திசையில் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவருக்கு என்னவோ உறுத்தும்.

இப்படிச் செய்த படங்களில் மிகப் பிரபலமானது 1857-ல் செத்தில் எடுத்த 'பெரிய அலை'. இடது பக்கம் ஓர் அலைதடுப்புச் சுவர், நடுவே பாறைகளை நோக்கி உருண்டு வரும் அலை, மேலே கனத்த மேகம். அலை உறைந்து நிற்கிறது. ஆளை அசையாமல் நிறுத்தி வைத்துப் படமெடுத்த காலத்தில், ஓடுகிற அலையைப் பிடிப்பது எப்படி? சூரியனுக்கு எதிராகவே கேமராவைத் திருப்பினார் லு கிரே. நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் அவ்வளவு பலமாக இருந்ததால், மிகக் குறைந்த நேரமே போதுமானதாக இருந்தது.

எல்லாப் படமும் ஒட்டுப்போட்டது இல்லை. அதற்கு முந்தைய வருடம் எடுத்த 'நீரில் ஒரு பாய்மரக் கப்பல்' படத்தில் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்து அடர்த்தியாக அச்சிட்டதில், பார்த்தவர்கள் அதை நிலவொளி என்றே நினைத்தார்கள். நிலவொளிக் காட்சி என்ற பெயரிலேயே அது விற்கவும் செய்தது. லண்டனில் காட்சிக்கு வைத்தபோது பெரும் பரபரப்பு. இன்னொரு படத்தின் தலைப்பே 'உச்சியில் சூரியன்'. தலைப்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் அந்தி நேரம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நம் கண்ணுக்கு அந்தி மயங்கிய கடலாகத் தெரியும் இந்தப் படங்களில் பல, வெளிச்சம் நன்றாக இருந்தபோதே எடுத்தவை. தங்க குளோரைடு கலந்த கரைசலில் அச்சுகளைப் பதப்படுத்தினார் லு கிரே. அதனால் வந்த ஊதா கலந்த பழுப்பு நிறம் மீதி மயக்கத்தைக் கொடுத்தது.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா?

கடலையும் வானத்தையும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்ததைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒருசேரத் தெரிகின்றன. தெரியாதது தகடுக்குத்தான். தகட்டின் குறையை அவர் சரிசெய்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரே மேகக் கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் தலைகாட்டுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வானம் அந்தக் கடலின் மேல் எந்த நாளும் இருந்ததில்லை. இங்கே பேசுவது பழைய ஓவிய மாணவர். இன்று எடிட்டிங் ஆப்பில் ஒரு தொடலில் வானத்தை மாற்றிவிட்டு இன்ஸ்டாகிராமில் போடுகிறோமே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், உழைப்பு என்று மட்டும்தான் பதில் சொல்ல முடிகிறது.

பேர் வந்தது, பணம் நிற்கவில்லை

1852-லேயே அவர் லூயி நெப்போலியனைப் படமெடுத்திருந்தார். அவர் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசரான பிறகு, அரச குடும்பத்தின் படங்களும் ராணுவ முகாம் படங்களும் லு கிரேயைத் தேடி வந்தன. 1850-களின் நடுவில், பிரிஜ் பிரபுவின் குடும்பம் போட்ட முதலீட்டில், பாரிஸின் கபுசீன் சாலை 35-ஆம் எண் கட்டடத்தில் ஆடம்பரமான ஸ்டூடியோ திறந்தார். (இதே கட்டடத்துக்குப் பின்னால் வந்த நடாரின் ஸ்டூடியோவில்தான் 1874-ல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்தது.)

ஆனால் காற்று வேறு பக்கம் வீச ஆரம்பித்திருந்தது. 1854-ல் திஸ்தெரி என்பவர் விசிட்டிங் கார்டு அளவு முகப்படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் பல படம், விலையும் மலிவு. ஊரே அவரிடம் வரிசையில் நின்றது. புகைப்படம் வியாபாரமாகக் கூடாது, கலையாக வேண்டும் என்று புத்தகத்திலேயே எழுதி வைத்தவர் லு கிரே. பெரிய தகடு, விலை உயர்ந்த அச்சு, நாள் கணக்கில் உழைப்பு என்ற தன் வழியை அவர் விடவில்லை. பணம் போட்டவர்கள் பொறுமை இழந்தார்கள். 1860 தொடக்கத்தில் நிறுவனம் கலைக்கப்பட்டது.

அடுத்து அவர் செய்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

கரை ஒதுங்கிய பயணம்

அந்தக் கப்பல், 'மூன்று மஸ்கட்டியர்கள்' எழுதிய அலெக்சாண்டர் டூமாவின் 'எம்மா'. கிழக்கு நாடுகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய டூமா, படமெடுக்க லு கிரேயைச் சேர்த்துக்கொண்டார். 1860 மே மாதம் மார்செய் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். வழியில் சிசிலித் தீவில் கரிபால்டியின் போர். கப்பல் அங்கே திரும்பியது. குண்டுவீச்சில் நொறுங்கிய பலெர்மோ தெருக்களையும் கரிபால்டியையும் லு கிரே படமெடுத்தார்.

சீக்கிரமே டூமாவோடு சண்டை. லு கிரேயையும் இன்னும் சிலரையும் மால்டா தீவில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அங்கிருந்து எப்படியோ லெபனான் போய்ச் சேர்ந்தார். பத்திரிகைக்காகப் படமெடுத்தார். அப்புறம் அலெக்ஸாண்ட்ரியா, 1864 வாக்கில் கெய்ரோ. அங்கே பிழைப்பு, ஓவியம் கற்றுக்கொடுப்பது. எந்த வேலையை விட்டுக் கேமராவுக்கு வந்தாரோ அதுவே கடைசியில் சோறு போட்டது. பாரிஸில் அவரை மறந்துபோனார்கள். 1884 ஜூலை 30-ல் கெய்ரோவில் இறந்தார். அந்த வருடம்கூடச் சரியாகத் தெரியாமல், பழைய புத்தகங்கள் நீண்ட காலம் 1882 என்றே அச்சிட்டுக்கொண்டிருந்தன.

1999 அக்டோபரில் லண்டனில் நடந்த சோதபீஸ் ஏலத்தில் 'பெரிய அலை'யின் ஓர் அச்சு 5,07,500 பவுண்டுக்குப் போனது. அதுவரை உலகில் எந்தப் புகைப்படமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. 2011-ல் பிரான்ஸில், லு ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பும் அவருடைய படம் 9 லட்சம் யூரோவைத் தாண்டியது.

'பெரிய அலை'யின் அச்சுகள் சில அருங்காட்சியக இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் திறந்து, தொடுவானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடலும் வானமும் சேரும் இடத்தில் அந்த ஒட்டு இன்னும் லேசாகத் தெரியும்.