யானையும் சிறு குண்டும்

படைச்செருக்கு அதிகாரத்தை யான் கற்பிக்குந்தோறும், முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பவிட்ட வேலையே வள்ளுவனார் உயர்த்துமிடத்தில், வோல்ற்றர் பெல் என்னும் வேட்டைக்காரர் நினைவுக்கு வருவார்.

ஸ்கொட்லாந்திலே 1880இற் பிறந்த பெல், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தந்தத்தின் பொருட்டு உகண்டாவின் கரமோஜாப் பகுதியை அடைந்தார். யானைக்குப் பெருங்குண்டே தக்கதென்பது அக்காலத்தார் பலரின் துணிபு. ஏறக்குறைய 58 கிராம் நிறையுள்ள குண்டுகளும் இருந்தன. குறி சற்றுத் தவறினும் அவை விலங்கைத் தள்ளாடச் செய்யும். ஆயின் துவக்கோ பெரும் பாரம், தோளையும் இடிக்கும். பெல் தேர்ந்தது 11 கிராம் அளவிலான, விரைவு மிக்க சிறு குண்டு. ஒடுங்கி நீண்ட அது நேரே ஊடுருவிச் செல்லும். மூளையிற் படாதெனின் பயன் சிறிது. ஆதலின் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளையின் இருப்பிடத்தை ஆராய்ந்தறிந்தார். அவர் வீழ்த்தியவை ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை அச்சிறு குண்டுக்கே இரையாயின.

1954இல் பெல் மறைந்தார். அவர்தம் நுண்ணறிவை வியக்கின்றேன். எனினும் அது கொலைக்கே செலவாயிற்றே என எண்ணுங்கால், குறி தவறிய அந்த வேலின் பக்கமே என் நெஞ்சு சாய்கின்றது. வள்ளுவனார் கருதிய வீரம் பற்றியன்று, அவ்வியானை உயிர் தப்பியது பற்றி.