சுங்கை சிப்புட்டிலிருந்து சிதம்பரத்துக்கு

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனில் நாம எத்தனை தடவை நடந்திருப்போம்! தீபாவளிக்குச் சாமான் வாங்க, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட, மோனோரயில் பிடிக்க. அந்தப் பெயருக்குரியவரும் ஒரு காலத்தில் மேற்படிப்புக்காக வீட்டை விட்டுத் தூரமாகப் போன இளைஞர்தான்.

துன் வீ.தி. சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி, தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்டம் வைத்தவர். மகன் கோலாகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி கற்றார். அப்போது மலாயாவில் பல்கலைக்கழகமே கிடையாது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இருந்தன. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல்தான் வந்தது. சம்பந்தன் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது சிதம்பரத்தில், 1929-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்.

தமிழ் பேசும் ஊர்தானே, என்ன கஷ்டம்னு நினைக்கலாம். ஆனா பேச்சு வேற, பழக்கம் வேற. இன்னைக்கும் அங்கே படிக்கப் போற நம்ம பிள்ளைங்களை வாய் திறந்ததுமே வெளியூர்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

சம்பந்தன் பட்டத்தோடு திரும்பினார். கூடவே தமிழையும் காந்தியத்தையும் கொண்டு வந்தார். 1954-இல் சுங்கை சிப்புட்டில் அவர் உருவாக்கிய தமிழ்ப்பள்ளியின் பெயர் மகாத்மா காந்தி கலாசாலை. மறு ஆண்டே ம.இ.கா. தலைவரானார். ஆங்கிலம் படித்த சிலரின் கட்சியாக இருந்ததைத் தோட்டத் தமிழர்களிடம் கொண்டு சென்றார்.

அவருடைய பெரிய வேலை 1960-இல் தொடங்கியது. வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும், கோயிலும் பள்ளியும் கைவிட்டுப் போகும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசி, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆகச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்!

1973-இல் சொந்தக் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் தலைமையை விட்டு விலக நேர்ந்தது. 1979 மே 18-இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது.

நண்பர்களே, யு.பி.யு. முடிவு வந்ததும் நம்மில் பலர் முதலில் கேட்பது, அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா என்றுதான். பெர்லிஸ், சபா என்றால் வீட்டில் அம்மா முகமே மாறிடும். நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டு ஓர் இடத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். திரும்பி வரும்போது நம் மக்களுக்கு எதைக் கொண்டு வருவோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அடுத்த முறை ஜாலான் துன் சம்பந்தனில் நடக்கும்போது, கொஞ்சம் நின்று அந்தப் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.