தூண்டிலும் உப்பும்: மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கும் நாட்களில், வானூரை அடுத்த கழுவேலி ஏரி நிரம்பி மரக்காணம் கழிமுகம் வழியாகக் கடலைத் தேடிச் செல்கிறது. இப்பக்கத்து உப்பங்கழிகளில் வாழும் கொடுவா மீன் வெதுவெதுப்பான நீரை விரும்புவது. நீர் குளிர்ந்தால் அது மந்தமாகிவிடும். இறகும் நூலும் கட்டிய போலி இரையைத் தூண்டிலில் வீசிப் பிடிப்போர், அப்போது வெயில் ஏறும்வரை காத்திருந்து, இரையை ஆழத்தில் மெல்ல மெல்ல இழுப்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நம் நாட்டுக்கு வந்த பொழுதுபோக்கு இது.

இந்தக் கொடுவா உள்ளிட்ட நம் நாட்டு மீன்களை, நம் மக்கள் அவற்றுக்கு வழங்கும் பெயர்களோடு சேர்த்து நூலாக்கியவர் மருத்துவர் பிரான்சிஸ் டே. 1639-இல் சென்னைக் கோட்டைக்கு இடம் பார்த்த பிரான்சிஸ் டே வேறொருவர். நாம் இங்கு நினைவுகூர்பவர் அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிந்தியவர்.

1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் டே பிறந்தார். இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்தார். பின்னர் கொச்சியில் பணியாற்றினார். அங்கே காயல்களும் மீன் சந்தைகளும் அவரை ஈர்த்துக்கொண்டன. 1865-இல் மலபார் மீன்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

அக்காலத்தில் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகள் ஆங்கிலேயருக்குத் தம் தாயகத்தை நினைவூட்டின. அந்த ஓடைகளில் இறகுத் தூண்டில் வீச, அவர்கள் நாட்டு டிரவுட் மீன் மட்டும் இல்லை. அதைக் கொண்டுவரும் முயற்சியை 1863-இல் டே மேற்கொண்டார். குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில்தான் டிரவுட் பிழைக்கும். கப்பலோ வெப்பக் கடல்களைக் கடந்து வர வேண்டும். அம்முயற்சி தோற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், வேறு சிலரின் உழைப்பால், அவலாஞ்சியில் டிரவுட் நிலைபெற்றது.

துரைமார்களின் தூண்டிலுக்கு மீன் தேடியவராக மட்டும் டே நின்றிருந்தால், இன்று அவரைப் பற்றி நாம் எழுத வேண்டியிருந்திருக்காது. 1871-இல் அவர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். இந்தியாவிலும் பர்மாவிலும் மீன்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து, நன்னீர் மீன்வளம் குறித்தும் கடல் மீன்வளம் குறித்தும் 1873-இல் இரண்டு அறிக்கைகளை அளித்தார்.

கடல் மீன்வள அறிக்கைதான் நம் கரைக்கு நெருக்கமானது. வலை நிறைய மீன் கிடைக்கும் நாளில், விற்றது போக மிஞ்சியதைக் கருவாடாக்க வேண்டும். அதற்கு உப்பு தாராளமாகத் தேவை. உப்போ அரசின் கையில் இருந்தது. அதன்மேல் விதித்த வரி, அதை விளைவிக்கும் செலவைப்போலப் பல மடங்கு. மரக்காணத்தைப் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் வெள்ளை வெளேரென உப்புக் குவியல், மறுபக்கம் உப்பில்லாமல் நாறிப்போகும் மீன். ஏழை மீனவர் உவர்மண்ணைச் சுரண்டி மீனில் தடவினால் அது சட்டப்படி குற்றம். உப்பில்லாமல் வெயிலில் காயவைத்தால் மீன் கெடும், உண்பவரின் உடலும் கெடும். மருத்துவரான டே இந்தக் கேட்டைக் கண்டு, மீன் பதனிட மலிவான உப்பு கிடைக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடினார்.

அதன் விளைவாக, 1870-களில் தொடங்கி, சென்னை மாகாணக் கடற்கரைகளில் மீன் உப்பிடும் களங்கள் ஏற்பட்டன. மீனவர் மீனைச் சுமந்து அங்கு வந்தால், வரியில்லா உப்பு கொடுக்கப்படும். அரசு ஊழியரின் கண்முன்னே மீனுக்கு உப்புப் போட வேண்டும். உப்பு வெளியே போய்விடுமோ என்ற சந்தேகம் அரசை விட்டு அகலவில்லை. ஆயினும் பல குடும்பங்களின் அடுப்பில் அதனால் தீ எரிந்திருக்கும்.

கலிலேயாக் கடலோரத்தில் வலை வீசிய பேதுருவையும் அந்திரேயாவையும் நாம் அறிவோம். அக்கடலின் மீனும் உப்பிடப்பட்டே தொலைவூர்களுக்குச் சென்றது. அங்கும் வரி தண்டுவோர் உண்டு.

டே புனிதர் அல்லர், குறையற்றவரும் அல்லர். ஆறுகளில் சிறு கண்ணி வலைகளாலும் அடைப்புகளாலும் மீன்குஞ்சுகள் அழிவதைக் கண்டித்து, கட்டுப்பாடுகள் வேண்டும் என்றார். அது சரியான எச்சரிக்கையே. ஆனால் அக்கட்டுப்பாடுகளின் சுமை எளிய மீனவர் தலையில் விழும் என்பதை, உப்பு விஷயத்தில் உணர்ந்த அளவுக்கு அவர் இதில் உணர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை. பிடிவாதக்காரரும்கூட. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தரோடு ஏற்பட்ட பகையால், தாம் சேர்த்த மீன்களில் பெரும்பகுதியை 1883-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் கடலின் மீன்கள் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தன.

இந்திய மீன்களைப் பற்றிய அவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆயிரத்து நானூறு வகைகளுக்கு மேல் விவரித்த இரு தொகுதிகள் 1889-இல் வெளியாயின. அதே ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், புற்றுநோயால் துன்புற்று, செல்ட்டன்ஹாம் நகரில் தம் 60-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் வாதாடிய உப்பின் மீதான வரி, அதற்குப் பின்னும் 58 ஆண்டுகள் நீடித்து, 1947-இல் நீக்கப்பட்டது.