தம்மையே கேள்வி கேட்ட புனித அகுஸ்தீனார்

மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகளோ தலையைத் தொடுவார்கள். இது மிகப் பழைய வழக்கு. பண்டை எகிப்தியர் பிணத்தைப் பதப்படுத்தும்போது மூளையை அகற்றிவிட்டு இதயத்தை உடலிலேயே விட்டு வைத்தனர். அரிஸ்டாட்டில் இதயம் என்றார். மருத்துவர் கேலன் மூளை என்றார். அகுஸ்தீனாரோ மனத்தைத் தேடித் தமக்குள்ளேயே சென்றார்.

கி. பி. 354-ல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே நகரில் பிறந்தார். தாய் புனித மோனிக்கம்மாள். பதினாறாம் வயதில் தோழர்களோடு சேர்ந்து அடுத்தவர் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியில்லை, அதைவிட நல்ல பழங்கள் வீட்டிலேயே இருந்தன. திருடியதைப் பன்றிகளுக்கு எறிந்தனர். அற்பக் காரியந்தான். ஆனால் ஏன் செய்தேன் என்ற கேள்வி, அவர் ஆயரான பின்னும் அவரை விடவில்லை.

கார்த்தேஜ் நகரில் படிக்கையில் மானிக்கேய மதத்தில் சேர்ந்து சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மனிதனுக்குள் ஒளியும் இருளும் போரிடுகின்றன, பாவம் செய்வது நானல்ல, என்னுள் உள்ள வேறொன்று என்பது அவர்கள் போதனை. மிகவும் வசதியான போதனை! என்னை மீறி நடந்துவிட்டது சாமி என்று நாமும் சொல்லிக்கொள்வதில்லையா?

384-ல் மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியரானார். ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகள் அவரை அசைத்தன. பழைய வாழ்வை விட விரும்பினார், முடியவில்லை. 386-ல் ஒரு தோட்டத்தில் அழுது போராடியபோது ஒரு விந்தையைக் கண்டார். அசை என்றதும் கை அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் மட்டும் பணிய மறுக்கிறது. அப்படியானால் உள்ளே இருவரா? ஒருவனுக்கு ஒரே வேளையில் நான்கு ஆசைகள் எழுந்தால் நான்கு ஆன்மாக்கள் உண்டென்று சொல்வதா? இல்லை, விரும்பியவனும் நானே, மறுத்தவனும் நானே என்று ஒப்புக்கொண்டார். 387 பாஸ்கா இரவில் மகன் அதேயோதாத்துஸுடன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் தாயையும் இழந்தார்.

391-ல் ஹிப்போ நகரில் குருவாகி, சில ஆண்டுகளில் ஆயரானார். அங்கு எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் நினைவாற்றலைப் பெரியதொரு மாளிகையாகக் காண்கிறார். மலர் அருகில் இல்லாமலே அதன் மணம் நினைவிருக்கிறது. பழைய துயரைத் துயரமின்றியே நினைக்க முடிகிறது. மறந்துவிட்டோம் என்பதுகூட நினைவிருக்கிறதே, அது எப்படி? மூளையில் மூன்று அறைகள் உண்டு, நடுவறை நினைவுக்குரியது என்ற அக்கால மருத்துவர் கருத்தையும் அவர் அறிந்திருந்தார். அவற்றை ஆன்மாவின் கருவிகளென்றே கொண்டார். அவ்வறைகளில் நிறைந்திருப்பது வெறும் நீர்மமே என்பதை இன்று அறிவோம். ஆனால் மறதியைப் பற்றி அவர் கேட்ட கேள்வி இன்றும் எளிதன்று.

430-ல் வாண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது நோயில் விழுந்தார். தவச் சங்கீதங்கள் சிலவற்றை எழுதிச் சுவரில் மாட்டச் செய்தார். மருத்துவர் வரும் நேரமும் உணவு நேரமும் தவிர யாரும் வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதார். ஆகஸ்ட் 28-ந் தேதி, 75-ம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.