ஸ்னோ ஒயிட்டைக் காப்பாற்றியவர்!

உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. விஷ ஆப்பிளைத் தின்று மயங்கிக் கிடந்த ஸ்னோ ஒயிட் எப்படிக் கண் விழித்தாள்?

இளவரசன் வந்து முத்தமிட்டான், அவள் எழுந்துவிட்டாள் என்பீர்கள். வால்ட் டிஸ்னி 1937-ஆம் ஆண்டு வெளியிட்ட கார்ட்டூன் படத்தில் அப்படித்தான் வருகிறது. ஆனால், அந்தப் படத்துக்கு மூலமான ஜெர்மானியக் கதையில் முத்தமே கிடையாது! கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஸ்னோ ஒயிட்டை இளவரசனின் வேலைக்காரர்கள் தோளில் சுமந்து போகிறார்கள். வழியில் அவர்களுக்குக் கால் இடறுகிறது. பெட்டி குலுங்குகிறது. அவள் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்!

என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? இந்தக் கதையைப் பிறர் சொல்லக் கேட்டு, எழுதி, புத்தகமாக்கிக் கொடுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த கிரிம் சகோதரர்கள். மூத்தவர் ஜேக்கப். இளையவர் வில்ஹெல்ம். இருவருமே பெரிய அறிஞர்கள்தான். ஆனாலும், கதைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தி, நாம் இன்று படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் தம்பி வில்ஹெல்ம்தான். அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஹானாவ் என்ற ஊரில் 1786-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் வில்ஹெல்ம் பிறந்தார். அண்ணன் ஜேக்கப்புக்கும் அவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இவர்களுக்குப் பிறகு மூன்று தம்பிகள், கடைசியாக லோட்டே என்ற தங்கை. அப்பா அரசாங்க அதிகாரி. பெரிய வீடு, தோட்டம் என்று குறைவில்லாத வாழ்க்கை.

1796-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பா நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். வில்ஹெல்முக்கு அப்போது பத்து வயது கூட நிரம்பவில்லை. அப்பாவின் வேலையோடு கிடைத்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு அம்மா திண்டாடிப் போனார். காசெல் நகர அரண்மனையில் வேலை பார்த்த பெரியம்மாதான் கைகொடுத்தார். 1798-ஆம் ஆண்டு அண்ணனும் தம்பியும் அந்த நகரத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள்.

இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கினார்கள், சேர்ந்தே படித்தார்கள். வில்ஹெல்முக்குப் பள்ளி நாட்களிலேயே மூச்சிரைப்பு நோய் வந்துவிட்டது. பின்னாளில் இருதயக் கோளாறும் சேர்ந்துகொண்டது. அவர் ஓடியாடி விளையாட முடியாத பிள்ளையாகிவிட்டார். ஆனால், பொறுமையாக உட்கார்ந்து கேட்கத் தெரிந்த பிள்ளை. அந்தக் குணம்தான் பிற்காலத்தில் அவரைப் பெரிய ஆளாக்கியது!

மார்பர்க் பல்கலைக்கழகத்தில் இருவரும் சட்டம் படித்தார்கள். அங்கே சாவினி என்ற பேராசிரியரின் வீட்டில் பெரிய நூலகம் இருந்தது. பழங்காலக் கவிதைகள், கதைகள் அடங்கிய புத்தகங்களை அங்கே பார்த்ததும் சட்டத்தை விட இலக்கியம்தான் அவர்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்போது ஜெர்மனி இன்று போல் ஒரே நாடாக இல்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. 1806-ஆம் ஆண்டு நெப்போலியனின் படை காசெல் நகரைப் பிடித்துக்கொண்டது. எங்கும் பிரெஞ்சு அதிகாரிகள், பிரெஞ்சு மொழி! தங்கள் மொழியில் வாய்வழியாக வாழ்ந்துவந்த கதைகள் அழிந்துவிடுமோ என்று சகோதரர்கள் கவலைப்பட்டார்கள். சொல்லும் பாட்டி மறைந்தால் கதையும் கூடவே போய்விடும் அல்லவா? எனவே, கேட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள்.

முதலில் தங்களுக்காக எழுதவில்லை. பிரெண்டானோ என்ற கவிஞருக்கு உதவியாகத்தான் சேகரித்தார்கள். 1810-ஆம் ஆண்டு கைப்பிரதியை அவருக்கு அனுப்பினார்கள். அவர் அதைப் பயன்படுத்தவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை! நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் சகோதரர்கள் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் பல கதைகள் அன்றைக்கே காணாமல் போயிருக்கும்.

அதே ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மார்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில் இருந்த ஒரு மூதாட்டிக்கு நிறையக் கதைகள் தெரியும் என்று கேள்விப்பட்டு வில்ஹெல்ம் அங்கே போனார். பாட்டி வாயைத் திறக்கவே இல்லை. படித்த பெரிய மனிதரிடம் போய்க் கதை சொன்னால் ஊர் சிரிக்காதா என்று அவருக்குத் தயக்கம். வில்ஹெல்ம் ஒரு தந்திரம் செய்தார். மருத்துவமனை மேற்பார்வையாளர் வீட்டுக் குழந்தைகளைப் பாட்டியிடம் கதை கேட்க வைத்தார். குழந்தைகள் கேட்டால் எந்தப் பாட்டிதான் மறுப்பார்? பாட்டி கதை சொன்னார். அது குழந்தைகள் வழியாக வில்ஹெல்முக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கதைதான் சின்ட்ரெல்லா! ஜெர்மன் மொழியில் அவளுக்குச் சாம்பல் படிந்த பெண் என்று பொருள்படும் பெயர். அதைக் காப்பாற்றியதில் உங்களைப் போன்ற குழந்தைகளுக்கும் பங்கு இருக்கிறது, பார்த்தீர்களா!

இந்தச் சின்ட்ரெல்லா நீங்கள் படத்தில் பார்த்தவள் அல்ல. 1950-ஆம் ஆண்டு வந்த டிஸ்னி படத்தில் தேவதை வருவாள், பூசணிக்காய் வண்டியாகும், கண்ணாடிச் செருப்பு வரும். அவையெல்லாம் 1697-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு எழுத்தாளர் பெரோ எழுதிய கதையிலிருந்து வந்தவை. கிரிம் புத்தகத்தில் தேவதையும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. சந்தைக்குப் போகும் அப்பாவிடம் மற்ற இரு பெண்கள் நல்ல உடையும் நகையும் கேட்கிறார்கள். இவள் கேட்பது ஒரு மரக்கிளை. அதை அம்மாவின் கல்லறையில் நட்டு, கண்ணீரால் வளர்க்கிறாள். அது மரமாகிறது. அதில் வந்து உட்காரும் வெள்ளைப் பறவைதான் அவளுக்கு உடையும் தங்கச் செருப்பும் தருகிறது. அந்தச் செருப்புக்குள் காலை நுழைப்பதற்காக ஒரு சகோதரி கட்டை விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். அம்மாடி! படத்தில் இதைக் காட்டியிருந்தால் பாதிப் பேர் எழுந்து ஓடியிருப்பார்கள்.

வில்ஹெல்முக்குக் கதை சொன்னவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் பெண்கள். காசெல் நகரில் கிரிம் வீட்டுக்கு அருகில் மருந்துக்கடை வைத்திருந்த வில்ட் குடும்பத்துப் பெண்கள் நிறையக் கதைகள் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் டோர்ட்சென். ஆறு அன்னங்கள் என்ற கதையைச் சொன்னவர் இவர்தான். சூனியத்தால் அன்னங்களாகிவிட்ட ஆறு அண்ணன்களை மீட்க, அவர்களின் தங்கை ஆறு ஆண்டுகள் வாய் திறந்து பேசாமல், சிரிக்காமல், பூக்களால் ஆறு சட்டைகள் தைக்கிறாள். எத்தனை பழி வந்தாலும் அவள் பேசவில்லை. இளவரசன் வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கவில்லை. அவளே ஆறு பேரைக் காப்பாற்றுகிறாள்!

இன்னொருவர் டொரோத்தியா ஃபீமன். பக்கத்துக் கிராமத்திலிருந்து காய்கறி விற்க வருவார். கணவர் தையல்காரர். இவர் முதலில் வேகமாகக் கதை சொல்வார். பிறகு, எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஒரு சொல் மாறிவிட்டாலும் உடனே திருத்திக்கொள்வார். நாற்பதுக்கு மேற்பட்ட கதைகளைக் கொடுத்துவிட்டு 1815-ஆம் ஆண்டு காலமானார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அத்தனையும் அவரோடு போயிருக்கும்.

1812-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் முதல் தொகுதி வெளிவந்தது. 86 கதைகள். 1815-ஆம் ஆண்டு இரண்டாம் தொகுதி வந்தது. படங்கள் இல்லை, அறிஞர்களுக்கான குறிப்புகள் மட்டும் ஏராளம். இது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பலர் குறை கூறினார்கள். வில்ஹெல்ம் சோர்ந்துவிடவில்லை. அண்ணன் இலக்கண ஆராய்ச்சியில் மூழ்கிவிட, கதைகளைத் திருத்தும் வேலையை இவரே ஏற்றுக்கொண்டார்.

அப்படித் திருத்தியபோது ஒரு பெரிய மாற்றம் செய்தார். முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிக்கும் ராணி யார் தெரியுமா? அவளைப் பெற்ற தாய்! பெற்ற தாய் பிள்ளையைக் கொல்ல நினைப்பதைக் குழந்தைகள் படிக்கலாமா? 1819-ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தாய் சிற்றன்னையாக மாறினாள். இன்று கார்ட்டூன் படத்தில் நீங்கள் பார்க்கும் சிற்றன்னை ராணி அப்படி உருவானவள்தான். ஆனால், இதனால் ஒரு கெடுதலும் வந்தது. சிற்றன்னை என்றாலே கொடுமைக்காரி என்ற எண்ணம் பலர் மனத்தில் ஊறிவிட்டது. அது உண்மையல்ல என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ரபுன்ஸெல் கதையைப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டு வந்த டேங்கிள்ட் படத்தில் அவள் இளவரசி. அவளுடைய தலைமுடிக்கு மந்திர சக்தி உண்டு. கிரிம் கதையில் அவள் சாதாரண வீட்டுப் பெண். ரபுன்ஸெல் என்பது ஒரு கீரையின் பெயர்! முடி நீளமானதுதான், மந்திரம் எதுவும் இல்லை. ஆனால், மூளை இருக்கிறது. வரும்போதெல்லாம் கொஞ்சம் பட்டு நூல் கொண்டு வா, ஏணி பின்னி நானே இறங்கி வருகிறேன் என்று இளவரசனிடம் திட்டம் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். பிறகு, பார்வை இழந்து காட்டில் அலையும் அவனுக்கு அவளது கண்ணீர்தான் கண் தருகிறது. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள், பார்த்தீர்களா?

1825-ஆம் ஆண்டு 50 கதைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சிறிய புத்தகமாக வில்ஹெல்ம் வெளியிட்டார். தம்பி லுட்விக் ஏழு படங்கள் வரைந்து கொடுத்தார். குழந்தைகள் அள்ளிக்கொண்டார்கள்! அதே ஆண்டில் கதை சொன்ன டோர்ட்செனையே வில்ஹெல்ம் திருமணம் செய்துகொண்டார். ஜேக்கப் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு வாழ்ந்தார்.

கதை எழுதுகிறவர் சாதுவாகத்தான் இருப்பார் என்று நினைக்காதீர்கள். சகோதரர்கள் இருவரும் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தபோது, 1837-ஆம் ஆண்டு ஹனோவர் நாட்டுக்குப் புதிய அரசர் வந்தார். வந்ததும் நாட்டின் அரசியல் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தார். அந்தச் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்த நாங்கள் அதை மீற மாட்டோம் என்று ஏழு பேராசிரியர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரில் கிரிம் சகோதரர்கள் இருவர். ஏழு பேருக்கும் வேலை போயிற்று. ஜேக்கப் மூன்று நாட்களுக்குள் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. நோயாளி உடம்பு, மனைவி, சின்னக் குழந்தைகள் என்று இத்தனை கவலை இருந்தும் வில்ஹெல்ம் கையெழுத்தைத் திரும்பப் பெறவில்லை. சொன்ன சொல்லைக் காக்க ஆறு ஆண்டுகள் மௌனம் காத்த அந்தத் தங்கையின் கதையை எழுதியவர் அல்லவா!

1841-ஆம் ஆண்டு பிரஷ்ய அரசரின் அழைப்பை ஏற்று பெர்லின் சென்றார்கள். ஜெர்மன் மொழிக்கு மாபெரும் அகராதி ஒன்றை உருவாக்கும் வேலையில் அங்கே சேர்ந்து ஈடுபட்டார்கள். அதன் முதல் தொகுதி 1854-ஆம் ஆண்டு வெளிவந்தது. அகராதி முழுவதும் முடிந்தது எப்போது தெரியுமா? 1961-ஆம் ஆண்டு! பின்வந்த பல அறிஞர்கள் சேர்ந்து அதை முடித்தார்கள். அகராதி வேலைக்கு நடுவிலும் வில்ஹெல்ம் கதைகளை விடவில்லை. 1857-ஆம் ஆண்டு வந்த ஏழாம் பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார். 1859-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பெர்லினில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து ஜேக்கப்பும் மறைந்தார். இருவரின் கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இன்று அந்தக் கதைகள் 160-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. சகோதரர்கள் தம் கைப்படக் குறிப்புகள் எழுதி வைத்திருந்த புத்தகப் பிரதிகளை, 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தக் குறிப்புகளில்தான் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்தின் முன்னுரையில் ஃபீமன் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தார்கள். டோர்ட்சென் போன்ற மற்றப் பெண்களின் பெயர்கள் அதில் இல்லை. ஆனால், எந்தக் கதையை யார் எந்த நாளில் சொன்னார்கள் என்று வில்ஹெல்ம் தன் சொந்தப் பிரதியின் ஓரத்தில் குறித்து வைத்தார். அதனால்தான் கதை சொன்ன அந்தப் பெண்களை இன்று நாம் தெரிந்துகொள்ள முடிகிறது.

குழந்தைகளே! கதைகள் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது மாறிக்கொண்டேதான் இருக்கும். வில்ஹெல்மும் மாற்றினார், கார்ட்டூன் படம் எடுத்தவர்களும் மாற்றினார்கள். அதில் தவறில்லை. ஆனால், படத்தோடு நின்றுவிட்டால் ஏணி பின்னத் திட்டமிட்ட ரபுன்ஸெலை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எனவே, படத்தைப் பாருங்கள், நூலகத்தில் மூலக்கதையையும் தேடிப் படியுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த வாரம் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரு கதை கேளுங்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதி முடித்ததும், சொன்னவர் பெயரையும் அன்றைய தேதியையும் ஓரத்தில் மறக்காமல் குறித்து வையுங்கள்!