கவர்னர் ஆல்பிரெட் ஸ்மித்

நியூயார்க் மாநகரின் கீழைப்பகுதியில், புரூக்ளின் பாலம் கட்டப்பெற்று வந்த காலத்தே, அதனருகிலுள்ள தெருவொன்றில் 1873-ம் ஆண்டு டிஸம்பர் 30-ம் தேதி ஆல்பிரெட் இம்மானுவேல் ஸ்மித் பிறந்தார். தந்தையார் பாரவண்டியோட்டிச் சீவித்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில் அவர் காலஞ்செல்ல, தாயார் குடை செய்யும் தொழிற்சாலையிற் கூலிக்கமர்ந்தார். அர்ச். யாகப்பர் கோயிலிற் பூசைக்கு உதவிசெய்து வந்த அச்சிறுவர், அக்கோயிற் பாடசாலையில் எட்டாம் வகுப்பையும் முடியாது வேலை தேடிப் புறப்பட்டார். பின்பு புல்ட்டன் மீன்சந்தையில் விடியுமுன் எழுந்துழைத்து, வாரத்துக்குப் பன்னிரண்டு டாலர் பெற்றார். பிற்காலத்திற் சட்டசபையில் உடனிருந்தோர் தத்தம் சர்வகலாசாலைப் பட்டங்களைச் சொல்லிக்கொள்ள, தாம் பெற்றது மீன்சந்தைப் பட்டமென்று அவர் நகையாடினாராம். கல்லூரியிலிருந்து இதனைப் படிக்கும் நமக்கு அது சற்றே உறைக்கவுங் கூடும்.

டாமனி மன்றம் என்னும் கட்சிக்கூட்டத்தாரின் ஆதரவால் 1903-ல் அவர் மாகாணச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றார். அக்கூட்டத்தார் இலஞ்சத்துக்குப் பேர்போனவர்கள். ஸ்மித் தங் கையைத் தூய்மையாக வைத்துக்கொண்டாராயினும், அவர்களை உதறித் தள்ளியவருமல்லர். மசோதாக்களின் பாஷை முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரவெல்லாம் அவற்றை வாசித்து வாசித்து, ஈற்றில் அச்சபையின் நடைமுறையை அவரினும் நன்கறிந்தார் இலரென்னும் நிலையை அடைந்தார்.

1911-ம் ஆண்டு மார்ச்சு 25-ம் தேதி, டிரையாங்கிள் என்னும் உடை தைக்குந் தொழிற்சாலையிலே தீப்பற்றிற்று. பத்து மாடிக் கட்டிடத்தின் மேல் மூன்று மாடிகளில் வேலை நடந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். ஸ்மித் இறந்தோர் வீடுகட்குச் சென்று, துக்கித்தவரோடு துக்கித்தார். துக்கம் விசாரித்தல் எவர்க்கும் எளிது. அவர் அதனோடு நின்றாரல்லர். தொழிற்சாலைகளை விசாரிக்க நியமிக்கப்பெற்ற குழுவின் உபதலைவராகி, ராபர்ட் வாக்னர் என்பாரோடு ஊரூராய்ச் சுற்றினார். இராமுழுதும் கயிற்றாலையில் உழைத்து விடியலில் வெளியேறிய பெண்களையுங் கண்டார். தீக்காப்பு, வேலைநேரம், சுகாதாரம் ஆகியவை பற்றிப் பல சட்டங்கள் அக்குழுவின் முயற்சியால் எழுந்தன. வாரத்திலொருநாள் ஓய்வு அளிக்குஞ் சட்டத்தினின்று பழங்களையும் காய்களையும் தகரப்பெட்டியிலடைக்கும் ஆலைகட்கு விலக்கு வேண்டுமென முதலாளிகள் வாதித்தபோது, ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் அனுசரிக்குமாறு விதிக்குங் கற்பனையைத் தாம் படித்திருப்பதாகவும், அவ்வாலைகட்கு விலக்கென்று அதில் யாதுங் காணவில்லையென்றும் அவர் சொல்லி அமர்ந்தார். மதத்தை அரசியலிற் கொண்டுவந்தாரென்று அன்று அவர்மீது குற்றஞ் சாட்டினாரில்லை!

அவர் நான்குமுறை நியூயார்க் கவர்னராயினார். 1920-ல் சோஷலிஸ்டுகளென்னுங் காரணத்தால் ஐவரைச் சட்டசபை வெளியேற்றியபோது, அவர்கள் கொள்கையை ஒப்பாத ஸ்மித், அவ்வநியாயத்தைக் கண்டித்தார்.

1927-ம் ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் மார்ஷல் என்னும் வழக்கறிஞர் அட்லாண்டிக் மாதப் பத்திரிகையில் அவருக்கொரு பகிரங்கக் கடிதம் வரைந்தார். பாப்பரசரின் நிருபங்கட்குக் கீழ்ப்படியவேண்டிய கத்தோலிக்கர் அமெரிக்க அரசியற் சட்டத்துக்கு மெய்யாக உட்பட முடியுமா என்பதே அதன் சாரம். முதலுலக யுத்தத்திற் படைக்குருவாயிருந்த பிரான்சிஸ் டபி சுவாமியாரின் துணையோடு ஸ்மித் எழுதிய மறுமொழி மே மாதத்தில் வெளிவந்தது. நெடுங்காலம் உத்தியோகம் வகித்தும் தம் விசுவாசத்துக்கும் பிரமாணத்துக்கும் முரண் நேர்ந்ததேயில்லையென்றும், தம் மந்திராலோசனையிலுள்ள பதினால்வரில் மூவரே கத்தோலிக்கர், பதின்மர் புராட்டெஸ்டாண்டுகள், ஒருவர் யூதரென்றும், சபையும் இராஜ்யமும் பிரிந்திருத்தலும் மனச்சாட்சிச் சுதந்தரமுமே தம் கொள்கையென்றும் அவர் விளக்கினார். நுண்ணிய சாஸ்திரியார்க்கு அவ்விடை முற்றும் திருப்தியளித்திராது. ஆயினும் அவர் ஆண்ட முறையை எடுத்துக்காட்டியதே, எம் அபிப்பிராயத்தில், தர்க்கத்தினும் வலியது.

1928-ல் ஜனநாயகக் கட்சி அவரைத் தலைவர் பதவிக்கு அபேட்சகராக நிறுத்திற்று. பெருங் கட்சியொன்று கத்தோலிக்கரை அங்ஙனம் நிறுத்தியது அதுவே முதன்முறை. பிரசாரத்துக்காக அவர் ஓக்லஹோமா செல்லுகையில், புகைவண்டியினின்று காணும்படி வழியோரத்திற் சிலுவைகளைக் கொளுத்தினார்கள். அந்நகரிற் பேசிய அவர், தம் மதத்துக்காகத் தமக்கு எதிராக வோட்டளிப்பதை மாத்திரமன்று, தம் மதத்துக்காகவே தமக்கு வோட்டளிப்பதையுங் கடிந்தார்.

தேர்தலில் ஹூவர் 444 தேர்வாளர் வோட்டுகளும், ஸ்மித் 87-ம் பெற்றனர். தம் சொந்த மாகாணமாகிய நியூயார்க்கும் அவரைக் கைவிட்டது. மதவெறுப்பே தோல்விக்கு முழுக்காரணமென்று சொல்லுதல் மிகை. நாடு அக்காலத்திற் செழித்திருந்தது. மேலும் அவர் மதுவிலக்கை எதிர்த்தவர். அவ்வெதிர்ப்பை நம் வாசகருட் பலரும் ஒப்பார்.

பின்னர் எம்பையர் ஸ்டேட் கட்டிடத்தைக் கட்டிய கூட்டத்துக்குத் தலைவராயிருந்தார். பழைய நண்பராகிய ரூஸ்வெல்ட்டோடு மாறுபட்டு, 1936-ல் எதிர்க்கட்சி அபேட்சகரை ஆதரித்தார். அம்மாறுபாட்டிற் கசப்பும் இருந்ததென்பதை மறைத்தற்கில்லை. 1944-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி நியூயார்க்கில் உயிர்நீத்தார். மார்ஷல் எழுப்பிய வினாவோ அவரோடு மறையவில்லை. 1960-ல் ஜான் கென்னடி தலைவர் பதவிக்கு நின்றபொழுது, ஹூஸ்டன் நகரில் புராட்டெஸ்டாண்டு போதகர்கள் முன்னிலையில் அதற்கே விடையிறுக்க நேர்ந்தது.